விர்ச்சுவல் ஃபங்ஷன்: கம்பைலர் வாய்திறக்காத இடங்கள்

பேருந்து, ரயில் நுழைவாயிலில் மாணவர் அட்டையைத் தட்டினால் முழுக் கட்டணம் கழிகிறது. சலுகைக் கட்டணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் எழுதியாகிவிட்டது. தனியாகச் சோதித்தால் சரியான தொகை வருகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்பான லைப்ரரியோடு சேர்த்து ஓட்டும்போது மட்டும் அந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிடுவதே இல்லை.

சி++ லைப்ரரி ஒன்றின் வகுப்பை (தரவையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டும் வடிவம்) எடுத்து விரிவாக்கி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஒருமுறையாவது இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், பல ஆண்டு வேலை பார்த்தவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. பாடநூல்கள் விலங்கில் தொடங்கி நாய், பூனையோடு பாடத்தை முடித்துவிடுகின்றன. நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது, அதில் தவறு நேர வழியே இல்லை. ஒருவர் எழுதிய தாய் வகுப்பை இன்னொருவர் விரிவாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது. தாய் வகுப்பிலும் அதை விரிவாக்கிய வகுப்பிலும் ஒரே பெயரில் உள்ள ஃபங்ஷன்களில் எது ஓடும் என்பதை ஓட்டத்தின்போது முடிவுசெய்யும் விர்ச்சுவல் ஃபங்ஷன்தான் இங்கே பேசுபொருள்.

இங்கே எடுத்துக்காட்டு ஒரு கற்பனைக் கட்டண லைப்ரரி. சிங்கப்பூரில் 2010 ஜூலை முதல் பேருந்து, ரயில் கட்டணம் மொத்தப் பயணத் தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே தூரத்தைக் கொடுத்தால் காசைத் திருப்பித்தரும் ஃபங்ஷன் ஒன்று போதும். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை, உண்மைக் கட்டணங்கள் அல்ல. வகுப்புப் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பதும் வெறும் அலங்காரம் அல்ல: ஜிசிசி என்ற கம்பைலர் 10ஆம் பதிப்பு முதல் தமிழ் எழுத்தில் எழுதிய பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

பெட்டியின் மேல் எழுதியதும் உள்ளே இருப்பதும்

லைப்ரரியில் "அட்டை" என்று ஒரு தாய் வகுப்பு. அதில் "கட்டணம்" என்ற ஃபங்ஷன் 150 காசைத் திருப்பித் தருகிறது. நீங்கள் "மாணவர்அட்டை" என்ற சேய் வகுப்பை எழுதி, அதே பெயரில் 60 காசு தரும் ஃபங்ஷனைச் சேர்க்கிறீர்கள். மரபுரிமை என்பது இவ்வளவுதான்: தாயிடம் உள்ளதெல்லாம் சேய்க்கும் வரும், வேண்டியதைச் சேய் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

நுழைவாயில் நிரலுக்கு வருவது எந்த அட்டை என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அது "அட்டை" வகைப் பாயின்டர் (பொருளின் நினைவக முகவரி) ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பாயின்டர் காட்டும் இடத்தில் இருப்பதோ மாணவர்அட்டை. இப்போது ஒரே பொருளுக்கு இரண்டு வகைகள்:

1. அறிவித்த வகை. நிரலில் எழுதியிருப்பது, அதாவது "அட்டை". கம்பைலருக்குத் தெரிவது இது ஒன்றுதான்.
2. உண்மை வகை. நினைவகத்தில் உண்மையில் இருப்பது, அதாவது "மாணவர்அட்டை". நிரல் ஓடும்போதுதான் இது தெரியவரும்.

விர்ச்சுவல் என்று குறிக்காத ஃபங்ஷனை அழைத்தால் அறிவித்த வகையைப் பார்த்துக் கம்பைலரே முடிவெடுத்துவிடும்: 150 காசு. விர்ச்சுவல் என்று குறித்திருந்தால் முடிவு ஓட்டத்தின்போது, உண்மை வகையைப் பார்த்து எடுக்கப்படும்: 60 காசு. அந்தக் குறி தாய் வகுப்பில் இருக்க வேண்டும். தாயில் இல்லாததைச் சேயில் மட்டும் எழுதினால், தாய் வழியாக வரும் அழைப்புகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தச் சொல்லும் கருத்தும் நார்வேயில் உருவான சிமுலா 67 மொழியிலிருந்து வந்தவை. பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் பெல் ஆய்வகத்தில் 1979இல் தொடங்கிய "சி வித் கிளாசஸ்" மொழியில் முதலில் விர்ச்சுவல் இல்லை. 1983இல் அது சி++ என்று பெயர் மாறிய கட்டத்தில்தான் சேர்ந்தது. கேட்டால் மட்டும் கிடைக்கும், கேட்காவிட்டால் செலவு இல்லை என்பது அந்த மொழியின் கொள்கை. இன்றைய குழப்பங்களில் பாதி அந்தக் கொள்கையின் விளைவு.

அட்டவணை எப்படி வேலை செய்கிறது

சி++ தரநிலை அட்டவணை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் புழக்கத்தில் உள்ள கம்பைலர்கள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. விர்ச்சுவல் உள்ள ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டவணை. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் தன் வகுப்பின் அட்டவணையைக் காட்டும் மறைவான பாயின்டர் ஒன்று. லினக்ஸிலும் மேக்கிலும் ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களும் பின்பற்றும் இட்டானியம் ஏபிஐ (கம்பைல் ஆன நிரல்கள் தமக்குள் ஒத்துப்போவதற்கான ஏற்பாடு) விதிப்படி, அட்டை வகுப்பின் அட்டவணை இப்படி இருக்கும்:

இடம் 0, 1: டிஸ்ட்ரக்டர்
இடம் 2: கட்டணம்
இடம் 3: பெயர்

பொருள் முடியும்போது ஓடும் ஃபங்ஷனான டிஸ்ட்ரக்டருக்கு இரண்டு இடம் ஏன் என்றால், பொருளை அழிப்பதற்கு ஒன்று, அழித்து நினைவகத்தையும் திருப்பித் தருவதற்கு இன்னொன்று. மாணவர்அட்டைக்கும் இதே வரிசையில் தனி அட்டவணை உண்டு. 2ஆம் இடத்தில் மட்டும் அதன் சொந்தக் கட்டண ஃபங்ஷனின் முகவரி இருக்கும். "பெயர்" மாற்றப்படவில்லை என்றால் 3ஆம் இடத்தில் தாயின் முகவரியே இருக்கும்.

அழைப்பு நடக்கும் விதம்: பொருளின் தொடக்கத்தில் உள்ள மறைவுப் பாயின்டரை எடு. அது காட்டும் அட்டவணையில் 2ஆம் இடத்துக்குப் போ. அங்குள்ள முகவரிக்குத் தாவு. நிரல் ஓடும்போது "கட்டணம்" என்ற பெயரே கிடையாது, 2 என்ற எண் மட்டும்தான் உண்டு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பதிப்புச் சிக்கல் தானாகவே விளங்கிவிடும்.

செலவு எவ்வளவு

64 பிட் கணினியில் மறைவுப் பாயின்டர் 8 பைட். அட்டையில் 4 பைட் முழு எண்ணாக மீதித்தொகை மட்டும் இருந்தால் பொருளின் அளவு 4 பைட். ஒரே ஒரு விர்ச்சுவல் சேர்ந்தவுடன் 16: பாயின்டர் 8, எண் 4, சீரமைப்புக்காக வெற்றிடம் 4. பத்து லட்சம் அட்டைகள் என்றால் 4 மெகாபைட் 16 ஆகும். இரண்டாவது, மூன்றாவது விர்ச்சுவலுக்குப் பொருளின் அளவு கூடாது, வகுப்பின் அட்டவணைதான் நீளும்.

அழைப்பின் நேரச் செலவைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கூடுதலாக இரண்டு நினைவக வாசிப்பு, ஒரு மறைமுகத் தாவல், அவ்வளவே. உண்மையான இழப்பு வேறு: எந்த ஃபங்ஷன் ஓடும் என்று தெரியாததால் கம்பைலரால் அதை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுத முடியாது. கோடிக்கணக்கில் சுழலும் சிறு சுழற்சிக்குள் மட்டுமே இது உறைக்கும். அங்கே வகுப்பை "ஃபைனல்" என்று குறித்தால், இனிச் சேய் வகுப்பு வராது என்று உறுதியாவதால் கம்பைலர் நேரடி அழைப்பாக மாற்றிவிட முடியும்.

ஓசையில்லாமல் கைவிடும் இடங்கள்

1. கையொப்பம் ஒத்துப்போகாதது.

கையொப்பம் என்பது ஃபங்ஷனின் பெயர், அது வாங்கும் மதிப்புகளின் வகை, கான்ஸ்ட் குறி ஆகியவை. தாயில் கட்டணம் ஃபங்ஷன் தூரத்தை டபுளாக (தசம எண் வகை) வாங்குகிறது, முடிவில் "கான்ஸ்ட்" (பொருளை மாற்றாது என்ற குறி) என்றும் எழுதியிருக்கிறது. சேயில் அந்தக் கான்ஸ்ட் விட்டுப்போனது, அல்லது டபுளுக்குப் பதில் ஃபுளோட் வந்துவிட்டது. கம்பைலரின் கண்ணில் இது மாற்றி எழுதியது ஆகாது, அதே பெயரில் பிறந்த புதிய ஃபங்ஷன். அட்டவணையின் 2ஆம் இடத்தில் தாயின் முகவரியே நீடிக்கிறது. தொடக்கத்தில் சொன்ன முழுக் கட்டணப் புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சி++11 இதற்காகவே "ஓவர்ரைடு" என்ற சொல்லைக் கொண்டுவந்தது. சேயின் ஃபங்ஷன் முடிவில் அதை எழுதினால், தாயில் அச்சு அசலாக அதே கையொப்பமுள்ள விர்ச்சுவல் இல்லாதபோது நிரல் கம்பைல் ஆகாது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் நிரல் ஓடும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே சொல்லில் இவ்வளவு மலிவான காப்பீடு இந்த மொழியில் வேறு இல்லை.

2. மதிப்பாக அனுப்புவது.

நுழைவாயில் ஃபங்ஷன் அட்டையைப் பாயின்டராகவோ ரெஃபரன்ஸாகவோ வாங்காமல் நேரடி மதிப்பாக வாங்கினால், மாணவர்அட்டையிலிருந்து அட்டைப் பகுதி மட்டும் நகலெடுக்கப்படும். மற்றது வெட்டுப்படும். நகலின் மறைவுப் பாயின்டரும் அட்டையின் அட்டவணையையே காட்டும். ஓவர்ரைடு ஒழுங்காக எழுதியிருந்தாலும் 150 காசுதான் கழியும். "அட்டை" வகை வெக்டருக்குள் மாணவர்அட்டையைப் போட்டாலும் இதே கதி. வெக்டரில் யுனிக் பாயின்டர்களை (தாம் மறையும்போது பொருளையும் அழிக்கும் பாயின்டர்கள்) வைக்க வேண்டும்.

லைப்ரரி எழுதுபவர் இதை அடியோடு தடுக்கலாம். தாயின் கட்டணம் ஃபங்ஷனுக்கு உடல் எழுதாமல் "= 0" என்று முடித்தால் அது தூய விர்ச்சுவல். அந்த வகுப்பில் நேரடிப் பொருள் உருவாக்க முடியாது, ஆகவே மதிப்பாக வாங்கும் ஃபங்ஷனும் கம்பைல் ஆகாது.

3. டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவலாக இல்லாதது.

சேய்ப் பொருளைத் தாய்ப் பாயின்டர் வழியாக அழிக்கும்போது தாயின் டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவல் இல்லையென்றால், விளைவு இன்னது என்று தரநிலை வரையறுக்கவில்லை. நடைமுறையில் சேயின் டிஸ்ட்ரக்டர் ஓடாமல் போவதே அதிகம். அது திறந்த கோப்பு மூடாமல் கிடக்கும், பிடித்த நினைவகம் திரும்பாது. யுனிக் பாயின்டரும் இதிலிருந்து காப்பாற்றாது. மேக் ஷேர்டு ஃபங்ஷனால் உருவாக்கிய, பலர் பகிரும் ஷேர்டு பாயின்டர், பிறந்தபோதைய உண்மை வகையை நினைவில் வைத்திருப்பதால் தப்பிக்கும். ஷேர்டு பாயின்டரை யுனிக் பாயின்டராக மாற்றிய அன்று கசிவு தொடங்குவதன் காரணம் பல நேரம் இதுதான்.

4. கன்ஸ்ட்ரக்டருக்குள் விர்ச்சுவல் அழைப்பு.

பொருளை உருவாக்கும் ஃபங்ஷனே கன்ஸ்ட்ரக்டர். தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் சேயின் பகுதி இன்னும் பிறக்கவில்லை. மறைவுப் பாயின்டர் அப்போது தாயின் அட்டவணையையே காட்டுகிறது, சேயின் கன்ஸ்ட்ரக்டர் தொடங்கும்போதுதான் மாறுகிறது. எனவே அங்கிருந்து கட்டணத்தை அழைத்தால் தாயின் பதிப்பே ஓடும். அது தூய விர்ச்சுவலாக இருந்து, வேறொரு ஃபங்ஷன் வழியாகச் சுற்றி அழைக்கப்பட்டால், ஜிசிசியில் "ப்யூர் விர்ச்சுவல் மெத்தட் கால்டு" என்ற செய்தியோடு நிரல் நின்றுவிடும். டிஸ்ட்ரக்டரிலும் இதே விதி, திசை மட்டும் தலைகீழ்.

5. இயல்பு மதிப்புகள்.

அழைப்பவர் மதிப்பு தராவிட்டால் ஃபங்ஷன் எடுத்துக்கொள்வது இயல்பு மதிப்பு. ஃபங்ஷனின் உடல் ஓட்டத்தின்போது தேர்வாகிறது. இயல்பு மதிப்போ கம்பைல் நேரத்தில், அறிவித்த வகையிலிருந்து எடுக்கப்படுகிறது. தாயில் ஒரு மதிப்பு, சேயில் வேறொரு மதிப்பு என்று எழுதினால், சேயின் உடல் தாயின் மதிப்போடு ஓடும். விர்ச்சுவலில் இயல்பு மதிப்பு வைக்காமல் இருப்பதே நல்லது.

6. பெயர் மறைப்பு.

தாயில் "கட்டணம்" இரண்டு வடிவங்களில் இருக்கிறது, தூரம் மட்டும் வாங்குவது ஒன்று, தூரமும் நேரமும் வாங்குவது மற்றொன்று. சேய் ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது சேயின் வழியாக அழைக்கும்போது மறைந்துவிடும். "யூசிங்" வரி ஒன்று சேர்த்தால் திரும்பத் தெரியும்.

வாக்குறுதியை மீறும் சேய்

கையொப்பம் பொருந்தினாலும் பொருள் பொருந்தாமல் போகலாம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயணம் இலவசம். அதற்காக "பிள்ளைஅட்டை" எழுதுகிறவர் 0 தருவதற்குப் பதில், "கட்டணமே இல்லை" என்பதன் அடையாளமாக -1 தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயில் நிரல் வழக்கம்போல் மீதியிலிருந்து அந்தத் தொகையைக் கழிக்கிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் அட்டையில் ஒரு காசு ஏறுகிறது!

தாய் வகுப்பு தரும் வாக்கை, தாயை நம்பி எழுதிய நிரல் எதுவும் கெடாதபடி சேய் காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த பதிலீட்டு விதி சொல்கிறது. கம்பைலரால் இதைச் சரிபார்க்க முடியாது. ஆனால் லைப்ரரி எழுதுபவர் ஒரு வேலி போடலாம். வெளியார் அழைக்கும் "கழி" ஃபங்ஷனை விர்ச்சுவல் அல்லாததாக வைத்து, அதற்குள்ளிருந்து தனியார் (பிரைவேட், அதாவது வகுப்புக்குள் மட்டும் அழைக்கக்கூடிய) விர்ச்சுவலான "கட்டணம்" அழைக்கப்படட்டும். தொகை 0க்குக் கீழே போகிறதா என்ற சோதனை "கழி"யில் ஒரே இடத்தில் இருக்கும், எந்தச் சேயாலும் அதைத் தாண்ட முடியாது. தனியார் ஃபங்ஷனைச் சேய் மாற்றி எழுத முடியுமா என்று ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் புருவம் உயர்த்துவார்கள். சி++இல் முடியும். தாயின் பதிப்பைச் சேயால் கூப்பிடத்தான் முடியாது.

லைப்ரரி புதுப்பிக்கும் நாள்

வாரநாள்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைவோருக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு. அதற்காக லைப்ரரியின் அடுத்த பதிப்பில் "காலைக்கழிவு" என்ற விர்ச்சுவலை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கட்டணத்துக்கும் பெயருக்கும் நடுவில் செருகுகிறார்கள். லைப்ரரிக் கோப்பு மட்டும் மாற்றப்படுகிறது, அதைப் பயன்படுத்தும் நிரல் மறுபடி கம்பைல் ஆகவில்லை.

பழைய நிரலைப் பொறுத்தவரை "பெயர்" என்றால் 3ஆம் இடம். புதிய அட்டவணையில் 3ஆம் இடத்தில் காலைக்கழிவு. பெயரைக் கேட்டால் எண் வருகிறது, அல்லது நிரல் சரிகிறது.

அப்படியானால் கடைசியில் சேர்த்தால் போதுமே? போதாது. பயனர் எழுதிய மாணவர்அட்டை, "பள்ளி" என்ற சொந்த விர்ச்சுவலை ஏற்கெனவே 4ஆம் இடத்தில் வைத்திருக்கலாம். புதிய லைப்ரரி 4ஆம் இடத்தைக் காலைக்கழிவு என்று நம்பி அழைக்க, ஓடுவது பள்ளி. அப்படி ஒன்று இல்லாவிட்டால் இன்னும் மோசம்: பழைய அட்டவணை 3ஆம் இடத்தோடு முடிந்துவிட்டது, அதற்கப்பால் இருக்கும் ஏதோ ஒரு மதிப்பை முகவரி என்று எடுத்துக்கொண்டு நிரல் தாவும். கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பான் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பெயர்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. இடங்கள்தான் மாறியிருக்கின்றன.

கியூடி, கேடிஈ போன்ற பெரிய லைப்ரரிகள், பிறர் விரிவாக்கக்கூடிய வகுப்பில் ஒரே பெரும்பதிப்புக்குள் புதிய விர்ச்சுவல் சேர்ப்பதை இதனால்தான் தவிர்க்கின்றன. வழிகள் சில:

1. பெரும்பதிப்பு எண்ணை உயர்த்தி, எல்லாரையும் மறுபடி கம்பைல் செய்யச் சொல்வது. நேர்மையானது, யாருக்கும் பிடிக்காது.
2. தொடக்கத்திலேயே ஒரு பொது விர்ச்சுவலை ஒதுக்கி வைப்பது. கேடிஈ இதை "விர்ச்சுவல் ஹுக்" என்கிறது. எண்ணும் தரவுப் பாயின்டரும் வாங்கும் அந்த ஒரே ஃபங்ஷன் வழியாகப் பின்னாளைய தேவைகளைப் புகுத்தலாம். அழகில்லை, ஆனால் உடையாது.
3. பழைய வகுப்பைத் தொடாமல், காலைக்கழிவை மட்டும் கொண்ட தனி இடைமுக வகுப்பை அறிமுகப்படுத்துவது. வந்த அட்டை அதையும் ஆதரிக்கிறதா என்று டைனமிக் காஸ்ட் கொண்டு கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வழியே பெரும்பாலும் சிறந்தது. கூடவே, எதையெல்லாம் விர்ச்சுவலாக்குவது என்பதில் முதல் பதிப்பிலேயே கஞ்சத்தனம் வேண்டும். "யாருக்காவது தேவைப்படலாம்" என்று திறந்து வைத்த ஒவ்வொரு கதவையும் அந்தப் பெரும்பதிப்பு முடியும்வரை காக்க வேண்டியிருக்கும்.

மற்ற மொழிகளிலிருந்து வருவோருக்கு

ஜாவாவில் ஸ்டாடிக், தனியார், ஃபைனல் தவிர்த்த மெத்தட்கள் எல்லாம் இயல்பிலேயே விர்ச்சுவல். பைத்தானில் கேள்விக்கே இடமில்லை, எல்லாமே ஓட்டத்தின்போது தேடப்படும். சி ஷார்ப், சி++ போலக் குறிக்கச் சொல்கிறது. ஆனால் சேயில் ஓவர்ரைடு எழுத மறந்தால் எச்சரிக்கை தந்துவிட்டுத்தான் மறைக்கிறது. கன்ஸ்ட்ரக்டர் விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு: ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் தாயின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைத்தால் சேயின் பதிப்பே ஓடும், அதுவும் சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடல் ஓடுவதற்கு முன்பே. ஜாவாவில் சேயின் மாறிகள் அப்போது வெறும் 0 அல்லது "நல்" என்ற வெற்று மதிப்பாக இருக்கும். எது மேல் என்று வாதிடலாம். இரண்டு பக்கமும் அடி விழும்.

பிழை தேடும் வரிசை

ஃபங்ஷன் அழைக்கப்படவில்லை என்ற புகார் வந்தால் இந்த ஒழுங்கில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. சேயின் ஃபங்ஷனுக்கு ஓவர்ரைடு சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பிழை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது: கையொப்பம், அல்லது தாயில் விர்ச்சுவல் இல்லாமை.
2. பிழை வராவிட்டால், பொருள் பயணிக்கும் பாதை முழுவதும் பாருங்கள். எங்காவது மதிப்பாக நகலாகிறதா?
3. அழைப்பு ஏதாவது கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து வருகிறதா?
4. ஜிசிசியில் "சஜெஸ்ட் ஓவர்ரைடு", "ஓவர்லோடட் விர்ச்சுவல்", "நான் விர்ச்சுவல் டிடார்" ஆகிய மூன்று எச்சரிக்கைகளையும் இயக்குங்கள். "ஆல்" என்ற பொது எச்சரிக்கையை இயக்கினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், பெயருக்கு மாறாக அது எல்லாவற்றையும் இயக்குவதில்லை.
5. "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு விடேபிள்" என்று இணைப்பான் சொன்னால் அட்டவணையை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் வகுப்பின் முதல் விர்ச்சுவலுக்கு அறிவிப்பு மட்டும் இருக்கும், உடல் எழுதப்பட்டிருக்காது, அல்லது அது உள்ள கோப்பு இணைப்பில் சேர்ந்திருக்காது. தூயதாகவோ இன்லைனாகவோ இல்லாத முதல் விர்ச்சுவல் எந்தக் கோப்பில் வரையறுக்கப்படுகிறதோ, அங்கேதான் கம்பைலர் அட்டவணையை வைக்கும்.
6. இன்னும் புரியவில்லை என்றால் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் நிறுத்தி "இன்ஃபோ விடிபிஎல்" கட்டளையைப் பொருளின் பெயரோடு கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எந்த ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். கட்டணம் இருக்க வேண்டிய வரியில் தாயின் பெயர் தெரிந்தால் முதல் மூன்று படிகளில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். அங்கே சம்பந்தமே இல்லாத ஃபங்ஷன் இருந்தால், உங்கள் நிரல் எந்தப் பதிப்பின் ஹெடரோடு (அறிவிப்புகள் உள்ள கோப்பு) கம்பைல் ஆனது, இப்போது எந்தப் பதிப்பு லைப்ரரியோடு ஓடுகிறது என்ற இரண்டு எண்களையும் எடுத்து ஒப்பிடுங்கள்.